ஓடிப்போகிறவன் தரப்பு

போன மாதம் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தோழர் ஒருவர் கேட்டார்: ‘என்ன தோழர், ஓடிப்போறீங்களாமே?’ சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற மாணவத் தோழர்கள் இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியாக வேண்டும் என்று பட்டது. சொந்தக் கதையை எழுதிப் பத்திரிகைப் பக்கத்தைத் தின்னலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். ‘ஒனக்குச் சொந்தக் கதை, மத்தவனுக்கு அரசியல். எழுதுய்யா’ என்றார்.

விஷயம் இதுதான். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். வங்கியில் கிளார்க். மொரீஷியஸ் தீவைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு அவள் நாட்டுக்கே போய் வாழ்வது என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறோம். அந்தத் தீவின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிராவல்ஸ் கடைக் கண்ணாடியில் தேனிலவுக்கு என்று ஒட்டியிருப்பார்கள். நீலக்கடல், வெள்ளை மணல், தென்னை, நல்ல வெயில். தோழர்களை உறுத்துவது அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் நம் ஆட்கள் வெளிநாடு போகாதவர்கள் இல்லை. என் காலனியிலிருந்து மட்டும் பதினாலு பேர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். துபாய் வெயிலில் கம்பி கட்டப் போனவனை யாரும் ஓடிப்போனவன் என்று சொன்னதில்லை. பிழைக்கப் போனான் என்கிறோம். அவன் அனுப்புகிற பணத்தில் அம்பேத்கர் ஜெயந்திக்குப் பந்தல் போடுகிறோம், கல்வெட்டில் பேரும் பொறிக்கிறோம். கஷ்டப்படப் போனால் அது பிழைப்பு, ஒரு பெண்ணோடு சந்தோஷமாக இருக்கப் போகிறேன் என்றால் அது துரோகம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? தலித் என்றால் துன்பப்பட வேண்டும், அந்தத் துன்பத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும், சாட்சி சொல்லிக்கொண்டே சாக வேண்டும் என்று சாதி இந்துதான் எதிர்பார்க்கிறான் என்றால் நாமும் அதையே எதிர்பார்க்கலாமா? என் தரப்பு இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான வாதம்.

*

கடல் தாண்டுவதைப் பற்றிப் பேச திருவல்லிக்கேணியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்த ஒரு கிளார்க், துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளக்காரர், 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பல் ஏறினார். கணித மேதை ராமானுஜன்தான். அதற்கு முன்னால் அவர் வீட்டில் நடந்த போராட்டம் ஊரறிந்தது. கடல் தாண்டினால் தீட்டு. அம்மாவின் கனவில் நாமகிரித் தாயார் வந்து வழிவிட்ட கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. 1920இல் அவர் செத்தபோது, கடல் கடந்தவன் என்று சொல்லி வைதீகர்கள் ஈமச் சடங்குக்கு வராமல் ஒதுங்கினார்கள். அப்பேர்ப்பட்ட தீட்டு பிறகு எப்படிக் கரைந்தது என்பது நமக்குத் தெரியும். அமெரிக்க விசாவுக்கு ஜெமினி மேம்பாலத்தடியில் வரிசை கட்டியபோது எந்தத் தாயாரும் கனவில் வரவேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களை யாரும் ஓடிப்போகிறவர்கள் என்று கேட்கவுமில்லை.

நம் ஆட்களுக்கு அந்தத் தீட்டு என்றைக்கும் இருந்ததில்லை. இருக்கிற ஊரிலேயே தீட்டாக வைக்கப்பட்டவனுக்குக் கடல் புதிதாக எதைக் கெடுத்துவிடும்? மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 1834 நவம்பர் 2ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து ‘அட்லஸ்’ கப்பல் 36 கூலிகளோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆப்பிரிக்க அடிமை விட்ட மண்வெட்டியை இந்தியக் கூலி எடுத்தான். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் போனார்கள். சென்னையிலிருந்து ஏறியவர்களில் நம் ஆட்கள் ஏராளம். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமைமுறையைக் காகிதத்தில் ஒழித்தது. ஆனால் தஞ்சாவூரிலும் தென்னார்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். மிராசுதாரைவிட்டு வெளியேற அவனுக்கு இருந்த ஒருசில வழிகளில் கப்பலும் ஒன்று.

போன இடத்தில் தேனும் பாலும் ஓடவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய்க் கூலி. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர். மாதக் கடைசியில் சம்பளப் பிடித்தம் போடுகிறவன் நான், அந்தக் கணக்கின் கொடூரம் எனக்குப் புரியும். பாஸ் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே வந்தால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். 1871இல் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் ஒருவரே கூலிகளின் பக்கம் நின்று 9,401 பேர் கையெழுத்தோடு மனு கொடுத்தார். அதன்பிறகுதான் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

இந்த மாதிரித் தீவுகளைப் பற்றி திருவல்லிக்கேணியில் வாழ்ந்து மடிந்த பாரதியும் பாடியிருக்கிறார், ‘கரும்புத் தோட்டத்திலே’. பிஜித் தீவைப் பற்றியது. மனசை உலுக்குகிற பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் உபதலைப்பைப் பாருங்கள், ‘ஹிந்து ஸ்திரீகள்’ என்று இருக்கும். ஊரில் இருந்தவரை கோயில் வாசலில் கால்வைக்க விடப்படாதவளும் கப்பல் ஏறியதும் ஹிந்து ஸ்திரீ ஆகிவிடுகிறாள். அங்கே அவள் அழுதாள் என்பது உண்மை. எதைவிட்டுக் கப்பலேறினாள் என்ற கேள்வி அந்தப் பாட்டில் கிடையாது.

*

அவள் என் கவுண்டருக்கு யூரோ மாற்ற வந்தவள். பர்சிலிருந்து நோட்டுகளை எடுக்கும்போது வேறு ஒரு நோட்டும் கூடவே வந்தது. அதில் தமிழ் எழுத்து! வரிசையில் எட்டு பேர் நிற்க, நான் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொரீஷியஸ் ரூபாய். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி. 1998இல் புதிய நோட்டு அடித்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே கொண்டுவந்தார்கள். அங்கத்தித் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைப்படி 1999இல் அச்சடித்தார்கள். நம் ஊரில் இந்தி எதிர்ப்புப் பேசியவர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

அவள் வந்த காரணம் வேறு. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, கப்பல், ஊர், சாதி. கொஞ்சம் பேருக்குப் போட்டோவும் உண்டு. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டனின் பதிவை நகல் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஊர்ப்பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா எப்படிக் கேட்டானோ அப்படி எழுதியிருந்தான். எழுத்துக்கூட்டிப் பார்த்து எந்த ஊர் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்த வார்த்தையைப் படிக்க எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. ‘இந்த வார்த்தை எனக்குத் தெரியும், பிரெஞ்சிலும் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்க்காதவன். அவர் ஏதாவது குற்றம் செய்தாரா?’ என்று கேட்டாள். மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அது குற்றத்தின் பெயரில்லை, ஒரு சனத்தின் பெயர், பறை என்ற வாத்தியத்தோடு சேர்ந்த பெயர், எங்களூரிலிருந்து போர்ச்சுகீசியன் எடுத்துக்கொண்டுபோய் உலகத்துக்கே வசைச்சொல்லாகக் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன். சுண்டல்காரப் பையன் வந்து போனான். பிறகு அது என்னுடைய பெயரும்தான் என்று சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அப்பா வழியில் தமிழ், அம்மா வழியில் கிரியோல், கும்பிடுவது மாதாவையும் முருகனையும். தைப்பூசக் காவடிக்கு அந்த நாட்டில் பொது விடுமுறை.

தெரியாமல் போனது விடுதலையா, மறதியா? இதை நான் இன்னும் தீர்க்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். அங்கே பிள்ளை, செட்டியார், முதலியார் என்கிற பட்டங்கள் குடும்பப் பெயர்களாக ஒட்டிக்கொண்டு இன்றும் இருக்கின்றன. நம் ஆட்களுக்கோ அப்பன் பெயர்தான் குடும்பப் பெயர், ராம்சாமி, வீராப்பன், ஆறுமுகம் என்று. சாதியைப் பெருமையாகக் கொண்டுபோனவனுக்கு அது உப்புத்தண்ணியிலும் கரையவில்லை. சுமையாகக் கொண்டுபோனவன் இறக்கி வைத்துவிட்டான். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு வலித்தது, நாம் யார் கேட்க என்றும் ஒரு நேரம் தோன்றுகிறது.

அதற்காக அந்தத் தீவு சாதியில்லாத பூமி என்று நான் கதை விடத் தயாரில்லை. போஜ்புரி பேசிவந்த இந்துக்களிடையே வைஷ், ராஜ்புத், ரவிவேத் என்று கணக்கு இருக்கிறது. தேர்தலுக்கு வேட்பாளர் போடும்போது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ரவிவேத் என்பது வேறு யாருமில்லை, ரவிதாசரின் சனம்.

அம்மாவிடம் சொன்னபோது வெள்ளைக்காரியா கறுப்பா, கிறிஸ்தவமா இந்துவா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. விழுப்புரம் பக்கத்துக் காலனியில் பிறந்து, இன்னொரு காலனியில் வாழ்க்கைப்பட்டவள். ‘ஏம்பா, அங்க ஊரு ஒரு பக்கம் காலனி ஒரு பக்கமா இருக்குமா?’ என்று கேட்டாள். ‘இல்லம்மா’ என்றேன். ‘அப்ப போ’ என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வேலையை விடுவதைப் பற்றித்தான் மறுநாள் அழுதாள்.

*

திருமணத்துக்கு வருவோம். சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளத்தான் ஆசை. 1967இல் அண்ணா ஆட்சியில் அதைச் சட்டமாக்கியபோது இந்துத் திருமணச் சட்டத்துக்குள்தான் ஒரு பிரிவாகச் செருகினார்கள். இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் சுயமரியாதை செல்லும்! அதனால் 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மனு கொடுத்திருக்கிறோம். அதன்படி இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் இருந்தும் மேன்ஷன் ரசீதை முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்ள யோசித்தார்கள். பிறகு நம் பெயரையும் முகவரியையும் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாளைக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம்.

அந்தப் பலகையைப் பார்க்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் போயிருந்தேன். என் அறிவிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. பையனும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து மாவட்டம். அந்தத் தாளை யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்களா, பெண்ணின் மாமன் வீட்டு ஆட்களா தெரியாது. எனக்கு வயிறு கலங்கியது. அந்தப் பையனுக்கு அந்த முப்பது நாள் என்பது தலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற முப்பது நாள். 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம் காலனி எரிந்தது. 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசன் தண்டவாளத்தோரம் கிடந்தார். 2015இல் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகலில் சங்கர். 2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் கவின், ஐ.டி. வேலைக்காரர், கை நிறையச் சம்பளம்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. என்னை வெட்ட யாரும் வரமாட்டான். கடல் தாண்டி வந்த பெண்ணோடு நான் சேர்ந்தால் இங்கே யாருடைய மானமும் போவதில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணென்றால்தான் போகும். சாதி எவ்வளவு குறுகலான தூரத்தைக் காவல் காக்கிறது பாருங்கள்! ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போகலாம், ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற முன்னூறு அடியைத் தாண்டக் கூடாது. என்னுடைய திருமணத்தைக் கலப்புத் திருமணம், புரட்சித் திருமணம் என்று தோழர்கள் சிலர் பாராட்டினார்கள். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். அது அந்தப் பலகையில் பக்கத்துத் தாளில் இருந்த பையனுக்குச் சேரவேண்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனபிறகு ஆறேழு மாதம் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாம் என்று வீடு பார்த்தோம். மாடிப்போர்ஷன். வாசலிலேயே ‘சைவம் மட்டும்’. அவள் மீன் சாப்பிடுவாள் என்று முன்கூட்டியே சொன்னேன். ‘அவங்க சாப்பிட்டா பரவால்ல சார், வெளிநாட்டுக்காரங்க, பழக்கம் அப்படி. நீங்க எந்தூரு? விழுப்புரத்துல எங்க?’ என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். ‘ஊருக்குள்ளயா?’ என்றார். அவ்வளவுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன நடந்தது என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. கீழே இறங்கி வந்ததும் பையிலிருந்து அந்த நகலை எடுத்துப் பார்த்தாள், மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

*

வெளிநாட்டுப் புருஷன்களைப் பற்றி அந்தத் தீவில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1977இல் சட்டத்தைத் திருத்தி, மொரீஷியஸ் ஆணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் அங்கே தங்கலாம், மொரீஷியஸ் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு ஆண் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அரசாங்கம் மறுத்தால் வெளியேற வேண்டும் என்று வைத்தார்கள். ஷிரீன் ஒமருத்தி-சிஃப்ராவும் இன்னும் 19 பெண்களும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். இது பெண்ணுக்கு எதிரான பாகுபாடு என்று 1981 ஏப்ரல் 9ஆம் தேதி அந்தக் குழு சொன்னது. 1983இல் சட்டம் மாறியது. நான் அங்கே போய் இறங்க முடிவது அந்த இருபது பெண்கள் போட்ட சண்டையால். அவர்களில் பதினேழு பேர் அப்போது கல்யாணமே ஆகாதவர்கள் என்று படித்தபோது, நம் இயக்கத்தில் பெண் தோழர்கள் பேச எழுந்தால் கடிகாரத்தைப் பார்க்கிற நம்மை நினைத்துக்கொண்டேன்.

அதே தீவில் இன்று பின்னலாடை ஆலைகளில் பங்களாதேஷ் தொழிலாளிகள் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வாசல் வழியாக உள்ளே போகிறார்கள், நான் புருஷன் என்ற இன்னொரு வாசல் வழியாக. இது சலுகைதான், மறைக்க ஒன்றுமில்லை.

ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்தை வீணடிக்கிறீர்கள் என்று அந்த மாணவத் தோழர்களில் ஒருவர் பிறகு சொன்னாராம். நியாயமான கேள்வி, மற்ற எதையும்விட இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1995இல் சபர்வால் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு ரோஸ்டர் பதவியை வைத்துத்தான் ஓடுகிறது. பட்டியல் சாதிக்காரர் விட்ட இடம் பட்டியல் சாதிக்கே வரவேண்டும். வரவேண்டும் என்பதற்கும் வரும் என்பதற்கும் நடுவில் எத்தனை கோப்பு தூங்கும் என்று வங்கிக்காரனுக்குத் தெரியும். அதைப் பின்தொடர வேண்டிய பொறுப்பை யூனியன் தோழர் ஒருவரிடம் எழுத்தாகவே கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பியே வங்கித் தேர்வு எழுதுவாரானால் என் புத்தகங்கள் மேன்ஷனில்தான் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

நம்மிடம் ஓடிப்போன பெரியவர்கள் இல்லையா? அயோத்திதாசர் 1898இல் கடல் கடந்து இலங்கைத் தீவுக்குப் போய்த்தான் பௌத்தம் ஏற்றார். ‘பறையன்’ பத்திரிகையை 1893இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் 1900இல் கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்த இருபது வருஷமும் அவரை இங்கே யாராவது ஓடிப்போனவர் என்று சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்து, 1924இல் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான். என்னை அவரோடு ஒப்பிடவில்லை, அவ்வளவு திமிர் எனக்கில்லை. நான் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை.

பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றப்போவதில்லை. நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். கேட்டால் இங்கே ஓட்டு போய்விடும். வெளிநாடுவாழ் குடிமகன் அட்டையை வைத்துக்கொண்டு விவசாய நிலம் வாங்கவும் முடியாது. பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்த கதையைக் கேட்டு வளர்ந்தவன், அரைக் காணி வாங்கும் உரிமையைக்கூடக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளும் அதை வற்புறுத்தவில்லை.

சட்டப்படி கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். ஒருவர் மேன்ஷனில் என் அறைக்காரர், திருநெல்வேலிக்கார முஸ்லிம் நண்பர். இன்னொருவர் அம்மா, கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது சாட்சியாக, டீக்கடை வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்ட தோழரையே கேட்டிருக்கிறேன். பலகையில் ஒட்டிப் பதினெட்டு நாள் ஆகிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.